பாலூட்டும் காலத்தில் வறளும் தோல்

பிரசவம் முடிந்த சில வாரங்களில் பல தாய்மார்களின் தோல் மாறத் தொடங்குகிறது. முழங்காலுக்குக் கீழே வெள்ளை பூக்கிறது. விரல் முட்டிகள் கோடுகோடாக வெடிக்கின்றன. வயிற்றிலும் முதுகிலும் மார்பிலும் விட்டுவிட்டு அரிப்பெடுக்கிறது. கர்ப்ப காலத்தில் பளபளப்பாக இருந்த அதே தோல்தான் நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழும் அளவுக்குக் காய்ந்துபோகிறது. எண்ணெய்ப் பசை குறைந்ததால் வந்த வறட்சி என்றுதான் பெரும்பாலும் எண்ணப்படுகிறது. எண்ணெய் குறைவது உண்மையே. ஆனால் வறண்ட தோலில் முதலில் இல்லாமல்போவது நீர்.

இதைத் தெளிவாகக் காட்டியவர் இர்வின் பிளாங்க் என்ற அமெரிக்க ஆய்வாளர். பாதத்தில் தடித்துக் காய்த்துப்போன தோலைச் சிறு துண்டுகளாக எடுத்து, அவற்றை நன்றாக உலர்த்தினார். எண்ணெய்ப் பொருள்களில் ஊறிய துண்டுகள் எத்தனை நேரமானாலும் முறுகலாகவே இருந்தன, வளைத்தால் ஒடிந்தன. நீரில் போட்ட துண்டுகளோ துவண்டு மென்மையாகிவிட்டன. 1952ல் வெளியான இந்தச் சோதனைக்குப் பிறகு தோல் வறட்சியைப் பற்றிய சிந்தனையே மாறியது. தோலை மென்மையாக்குவது நீர்தான். அந்த நீர் வெளியேறாமல் மூடிவைப்பதே எண்ணெயின் வேலை. பாலூட்டும் தாயின் தோலுக்கான பராமரிப்பு முழுவதும் இந்த ஒரு செய்தியின் மேல்தான் நிற்கிறது.

நீரை உள்ளே நிறுத்திவைப்பது தோலின் மேலேயுள்ள மிக மெல்லிய ஓர் அடுக்கு. உடலின் பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் சுமார் 10 முதல் 20 மைக்ரோமீட்டர், தலைமுடியைவிட மெல்லியது. செங்கல்லும் சாந்தும் போல அமைந்தது அது. தட்டையான, உயிரிழந்த செல்கள் செங்கற்கள். அவற்றின் இடைவெளியை நிரப்பும் கொழுப்புகள் சாந்து. அந்தச் சாந்தில் ஏறக்குறையப் பாதி செராமைடு என்னும் கொழுப்பு. கால் பங்கு கொலஸ்ட்ரால். மீதியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். செங்கற்களுக்குள்ளும் நீர் பிடிக்கும் பொருள் உண்டு. ஃபிலாக்ரின் என்ற புரதம் சிதையும்போது கிடைக்கும் அமினோ அமிலங்கள் நீரை இழுத்து வைத்துக்கொள்கின்றன. இந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணு சிலருக்குப் பழுதாகவே இருக்கிறது. பிறவியிலேயே வறண்ட தோலுக்கும், எக்ஸிமா எனப்படும் கரப்பானுக்கும் அந்தப் பழுது காரணமாகிறது என்று 2006ல் கண்டறியப்பட்டது. சிறுவயதில் கரப்பான் இருந்த பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பின் அது திரும்ப வருவதில் வியப்பில்லை. அவருடைய சுவரில் செங்கற்கள் முன்பே பலவீனம்.

மற்றவர்களுக்கும் இந்தக் காலத்தில் சுவர் ஏன் கசிகிறது? முதன்மையான காரணம் ஈஸ்ட்ரோஜன். கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி இந்த ஹார்மோனைப் பெருமளவில் சுரக்கிறது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் சில நாட்களுக்குள் அதன் அளவு சரிந்துவிடுகிறது. பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் உயர்ந்திருக்கும்வரை கருப்பையின் இருபுறமுள்ள சினைப்பைகள் அடங்கியே இருக்கும். ஈஸ்ட்ரோஜனும் தாழ்ந்தே இருக்கும். தோலின் எண்ணெய்ச் சுரப்பு, நீரைப் பிடித்துவைக்கும் திறன், தடிமன் ஆகிய மூன்றிலும் ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்குண்டு. மாதவிடாய் நின்ற பெண்களின் தோல் வறள்வதும் இதனால்தான். பாலூட்டும் தாய்க்கு இது தற்காலிகம். குழந்தை திட உணவுக்கு மாறி, மாதவிடாய் திரும்பும்போது தோலும் படிப்படியாகப் பழைய நிலைக்கு வருகிறது.

பாலாக வெளியேறும் நீரும் காரணமா என்ற கேள்வி எழலாம். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 750 முதல் 800 மில்லி பால் போகிறது. அதில் 87 சதவீதம் நீர். இந்த இழப்பைத் தாகம் ஈடுகட்டிவிடும். பாலூட்ட உட்கார்ந்ததும் தொண்டை காய்வதைப் பல தாய்மார்கள் உணர்வார்கள். அப்போது குடித்தால் போதும். தாகம் இல்லாதபோதும் லிட்டர் கணக்கில் குடிப்பதால் பாலும் கூடாது, தோலும் பளபளக்காது. மறுபுறம், ‘பச்சை உடம்பு, தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும்’ என்று சொல்லிச் சில வீடுகளில் தண்ணீரை அளந்து கொடுக்கும் வழக்கம் கெடுதலானது. அதைக் கைவிட்டே ஆகவேண்டும். பிரசவத்துக்குப் பின் வயிறு தளர்ந்திருப்பது விரிந்த தசைகளால். குடித்த தண்ணீரால் அல்ல.

உணவிலும் அதே கதைதான். முதல் ஆறு மாதங்களுக்குப் பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாகத் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். பத்தியம் என்ற பெயரில் பருப்பு, கீரை, மீன், முட்டை, எண்ணெய் எல்லாம் விலக்கப்பட்டால் தோலுக்கு வேண்டிய புரதமும் கொழுப்பு அமிலங்களும் இரும்பும் துத்தநாகமும் எங்கிருந்து வரும்?

சுடுநீரும் சோப்பும்

பிள்ளை பெற்றவளுக்கு இடுப்பில் சூடாகத் தண்ணீர் ஊற்றுவது தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் நெடுங்கால வழக்கம். வலித்த தசைகளுக்கு வெதுவெதுப்பு இதமானதுதான். ஆனால் தோல் சிவக்கும் அளவுக்குச் சூடான நீர் செல்களுக்கு இடையிலுள்ள கொழுப்பை இளக்கி, சோப்போடு சேர்த்து அடித்துச் சென்றுவிடுகிறது. குளித்து முடித்த அரை மணி நேரத்தில் உடம்பு முழுவதும் பிடித்து இழுப்பதுபோல் இருந்தால் சுவரின் சாந்து கரைந்துபோயிருக்கிறது என்று பொருள். முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்கும் சூடு போதும். குழந்தையைக் குளிப்பாட்டும் நீருக்கு எந்தச் சூடோ அதுவே தாய்க்கும் நல்லது. குளியல் பத்து நிமிடத்துக்குள் முடிவது நலம்.

தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சற்று அமிலத்தன்மை கொண்டது. அமில-கார அளவுகோலில் 4.5 முதல் 5.5 வரை. சாதாரணக் குளியல் சோப்பு அதே அளவுகோலில் 9 அல்லது 10. செராமைடை உருவாக்கும் நொதிகள் அமிலச் சூழலில்தான் நன்றாக வேலை செய்யும். ஒவ்வொரு முறை சோப்பு போடும்போதும் அந்த வேலை சில மணி நேரம் தடைபடுகிறது. அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் சோப்பு போட்டு, மற்ற இடங்களை வெறும் நீரில் கழுவினால் போதும். பயத்தமாவு சோப்பைப்போல் காரத்தன்மை கொண்டதல்ல என்பதால் அது ஒரு நல்ல மாற்று. ஆனால் மாவு நைசாக இருக்க வேண்டும். கொரகொரப்பாக அரைத்ததை அழுத்தித் தேய்த்தால் எரிச்சல்பட்ட தோல் மேலும் உரியும்.

கைகளின் நிலைமைதான் மிக மோசம். துணி மாற்றியதும் கழுவுதல், பால் கொடுக்கும்முன் கழுவுதல், சோப்புத்தூளில் துணி அலசுதல், பாத்திரம் தேய்த்தல் என்று கைகள் நாள் முழுவதும் நனைந்து காய்கின்றன. துணி துவைக்கும்போது உள்ளே பருத்தி, வெளியே ரப்பர் என இரண்டு அடுக்கு உறை போடுவது வெடிப்பைப் பெருமளவு குறைக்கும். கையில் அழுக்கு இல்லாதபோது சோப்பைவிடக் கைத்தேய்ப்பு திரவம் தோலுக்கு மென்மையானது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கைத்தேய்ப்பில் 1.45 சதவீதம் கிளிசரின் சேர்ப்பதே கை வறளாமலிருக்கத்தான். ஏற்கெனவே வெடித்த கையில் அது எரியும். வெடிப்பு ஆறும்வரை மென்மையான சோப்பே மேல்.

ஈரத்தைப் பூட்டுதல்

தோலில் தடவும் பொருள்கள் மூன்று விதமாக வேலை செய்கின்றன. கிளிசரின், யூரியா போன்றவை நீரை இழுத்துப் பிடிக்கின்றன. தாவர எண்ணெய்களும் செராமைடு கலந்த கிரீம்களும் செல்களின் இடைவெளியை நிரப்புகின்றன. பெட்ரோலியம் ஜெல்லி மேலே படலமாகப் படிந்து நீர் ஆவியாவதைத் தடுக்கிறது. இந்த மூன்றாவது வேலையில் பெட்ரோலியம் ஜெல்லியை மிஞ்சும் பொருள் இன்னும் வரவில்லை. அமெரிக்காவின் டைட்டஸ்வில் எண்ணெய்க் கிணறுகளில் துளையிடும் கம்பிகளில் ஒட்டிய கருப்பு மெழுகைத் தொழிலாளர்கள் வெட்டுக்காயங்களில் பூசிவந்தார்கள். 1859ல் அங்கே போன ராபர்ட் செஸ்பரோ என்ற வேதியியலாளர் அதைத் தூய்மைப்படுத்தும் வழியைக் கண்டுபிடித்து, 1872ல் வாஸ்லின் என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். விலை குறைவு, மணம் இல்லை, ஒவ்வாமை மிக அரிது. கை, கால், குதிகால் ஆகியவற்றுக்கு இதைவிடச் சிக்கனமான மருந்து கிடையாது.

தேங்காய் எண்ணெயும் சளைத்ததல்ல. வறண்ட தோல் கொண்ட 34 பேரிடம் பிலிப்பைன்ஸில் நடந்த ஓர் ஆய்வு 2004ல் வெளியானது. செக்குத் தேங்காய் எண்ணெயும் கனிம எண்ணெயும் ஒரே அளவுக்கு வறட்சியைப் போக்கின. எல்லா எண்ணெய்களுக்கும் இந்தச் சான்றிதழ் பொருந்தாது. ஆலிவ் எண்ணெய் தோலின் தடுப்புச் சுவரைத் தளர்த்துகிறது என்பதை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வு 2013ல் காட்டியது; அதிலுள்ள ஒலீயிக் அமிலம் சாந்தின் கட்டுக்கோப்பைக் கலைக்கிறது. விலை உயர்ந்தது என்பதாலேயே அது தோலுக்கு உயர்ந்ததாகிவிடாது.

எதைத் தடவுவது என்பதைவிட எப்போது தடவுவது என்பது முக்கியம். எண்ணெய் தேய்த்து ஊறி, சீயக்காய் போட்டு அலசித் துவட்டிவிட்டால் தோலில் எண்ணெயும் மிஞ்சாது, நீரும் மிஞ்சாது. குளித்தபின் துண்டால் ஒற்றி எடுத்து, தோல் சற்றே ஈரமாக இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் தடவினால் உள்ளே ஏறிய நீர் பூட்டப்படுகிறது. குழந்தை அழுவதற்குள் முடிக்கவேண்டிய தாய்க்கு இதில் ஒரு வசதியும் உண்டு: ஈரத் தோலில் எண்ணெய் எளிதாகப் பரவும், கொஞ்சமே போதும். இரவில் மின்விசிறி நேராக மேலே வீசும் கட்டிலும் குளிர்சாதன அறையும் தோலின் நீரை விரைவாக உறிஞ்சும். படுக்கும்முன் கைகால்களுக்கு இன்னொரு முறை தடவுவது வீண் வேலையல்ல.

மணம் கலந்த கிரீம்களை இந்தக் காலத்தில் ஒதுக்கிவைப்பது நல்லது. தாயின் கழுத்திலும் தோளிலும் மார்பிலும் குழந்தையின் முகம் நாள் முழுவதும் பதிகிறது. தாய் பூசுவதெல்லாம் குழந்தையின் கன்னத்துக்கும் போகிறது. கற்பூரமும் மெந்தாலும் கலந்த தைலங்களை அரிப்புக்காக மார்பில் தேய்ப்பது ஆபத்து. கற்பூரம் சிறு குழந்தைக்கு நஞ்சு. மெந்தால் பச்சிளம் குழந்தையின் மூச்சைத் தடுமாறவைக்கக்கூடும்.

காம்பும் கருவட்டமும்

மார்பின் நடுப்பகுதிக்கு வேறு விதிகள். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் சிறு மொட்டுகள்போல் எழும்பி நிற்பவை எண்ணெய்ச் சுரப்பிகள். 1837ல் அவற்றை விரிவாக விவரித்த அயர்லாந்து மகப்பேறு மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரியின் பெயராலேயே அவை அழைக்கப்படுகின்றன. காம்புக்கு வேண்டிய பூச்சு அங்கேயே சுரக்கிறது. அந்தச் சுரப்பின் மணம் குழந்தைக்கு வழிகாட்டி. 1994ல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்தவுடன் தாயின் ஒரு பக்க மார்பைமட்டும் கழுவிவிட்டுக் குழந்தையை இரண்டுக்கும் நடுவே படுக்கவைத்தார்கள். 30 குழந்தைகளில் 22 கழுவாத மார்பையே தேடிச் சென்றன. ஒவ்வொரு முறையும் காம்பைச் சோப்பு போட்டோ கிருமிநாசினியாலோ துடைக்கும் தாய், தன் தோலின் எண்ணெயையும் குழந்தையின் அடையாளக் குறியையும் ஒருசேர அழிக்கிறார். குளிக்கும்போது அங்கே படும் நீரே போதுமான சுத்தம்.

காம்பு வெடிப்பைத் தோல் வறட்சி என்று எண்ணிக் களிம்பு தேடுவது பரவலான தவறு. பெரும்பாலான வெடிப்புகள் குழந்தை கவ்வும் விதத்தால் வருபவை. காம்பை மட்டும் கவ்வினால் அது குழந்தையின் நாக்குக்கும் கடினமான மேலண்ணத்துக்கும் நடுவே ஒவ்வொரு உறிஞ்சலிலும் நசுங்குகிறது. கருவட்டத்தையும் சேர்த்து வாய்நிறையக் கவ்வினால் காம்பு மெல்லண்ணத்தின் அருகே போய்விடும். அங்கே அதை நசுக்க எலும்பு இல்லை. சரியாகக் கவ்விய குழந்தையின் வாய் அகலத் திறந்திருக்கும், கீழுதடு வெளிப்புறம் மடிந்திருக்கும், தாடை மார்பில் பதிந்திருக்கும், கருவட்டம் மேலுதட்டுக்கு மேலேதான் அதிகம் தெரியும். பால் குடித்து முடித்ததும் காம்பு சரிவாகச் சீவியதுபோலவோ நடுவில் வெள்ளைக் கோட்டோடோ வெளியே வந்தால் கவ்வுதல் சரியில்லை. வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்து உறிஞ்சலை விடுவித்து, மறுபடி கவ்வவைக்க வேண்டும். அப்படியே இழுத்தால் புண் பெரிதாகும். குழந்தையின் நாக்கின் அடியிலுள்ள சவ்வு குட்டையாக இருந்தாலும், பால் உறிஞ்சும் கருவியின் புனல் அளவு பொருந்தாவிட்டாலும் இதே வெடிப்பு வரும்.

ஒரு காலத்தில் வெடித்த காம்பை வெயிலிலும் விளக்கொளியிலும் காட்டி உலரவைக்கச் சொன்னார்கள். பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜார்ஜ் வின்டர் 1962ல் பன்றித் தோலில் செய்த சோதனை அந்தக் கருத்தைக் கவிழ்த்தது. மூடி ஈரமாக வைத்த புண், திறந்து காயவிட்ட புண்ணைவிட ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் மூடிக்கொண்டது. பொருக்கு கட்டினால் புதிய தோல் அதன் அடியில் நெளிந்து போகவேண்டியிருக்கிறது. ஈரப்பரப்பில் நேராக நகர்கிறது. ஆனால் பாலில் நனைந்த துணிப்பட்டையை மணிக்கணக்கில் அப்படியே வைத்திருப்பது இந்த ஈரமல்ல. அது தோலை ஊறவைத்து வெளுக்கச் செய்யும், பூஞ்சைக்கும் இடம் கொடுக்கும். பட்டை நனைந்ததும் மாற்றவேண்டும்.

காம்பில் என்ன தடவலாம் என்பதற்கு ஆய்வுகள் சொல்லும் விடை வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. 656 பெண்கள் பங்கேற்ற நான்கு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2014ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பாய்வு, எதுவுமே தடவாமல் விடுவதோ தாய்ப்பாலையே சில துளி பிழிந்து தடவுவதோ களிம்புகளுக்கு ஈடான, சில வேளை கூடுதலான பலன் தரக்கூடும் என்றது. எந்த வைத்தியம் செய்தாலும் பெரும்பாலானவர்களுக்கு ஏழு முதல் பத்து நாட்களில் வலி லேசாகிவிடுகிறது. புண் உடையோடு ஒட்டிக்கொள்கிறது என்றால் தூய்மைப்படுத்திய லேனோலின் உதவும். செம்மறியாட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கும் இந்த மெழுகை 1882ல் ஜெர்மனியில் ஓட்டோ பிரவுன், ஆஸ்கர் லீப்ரைக் இருவரும் மருந்தாக்கினார்கள். மெல்லியதாகத் தடவினால் பால் கொடுக்கும்முன் துடைக்க வேண்டியதில்லை. கையிலும் காலிலும் சிறந்த பெட்ரோலியம் ஜெல்லிக்குக் காம்பில் இடமில்லை. குழந்தை அதை நக்கி விழுங்கும். தேனை அங்கே தடவவே கூடாது. அதில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும். பிறந்த குழந்தைக்குத் தேனால் சேனை வைக்கும் வழக்கத்துக்கும் இதே எச்சரிக்கைதான்.

வறட்சி அல்லாதவை

சரியாகக் கவ்வியும் வலி தொடர்ந்தால் வேறு காரணம் தேடவேண்டும். காம்பு பளபளவென்று சிவந்து, எரிந்து, குழந்தையின் வாயில் துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டுகளும் இருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். தாய்க்கும் குழந்தைக்கும் ஒரே நேரத்தில் மருந்து தரவேண்டும். பால் குடித்து முடித்ததும் காம்பு வெளுத்து, நீலித்து, பிறகு சிவந்து வலித்தால் அது ரத்தக்குழாய் சுருங்குவதால். அதற்கு மருந்து வெதுவெதுப்பான ஒத்தடம். மார்பில் ஒரு பகுதி சிவந்து கெட்டிப்பட்டுக் காய்ச்சலும் வந்தால் உடனே மருத்துவரிடம் போகவேண்டும். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தக்கூடாது. உடல் முழுவதும் வறட்சியோடு தீராத அசதியும் மலச்சிக்கலும் குளிர் தாங்காமையும் சேர்ந்தால் தைராய்டு பரிசோதனை தேவை. பிரசவத்துக்குப் பின் தைராய்டு சுரப்பி அழற்சி காணும் தாய்மார்கள் கணிசமானவர்கள்.

கருவட்டத்தில் கரப்பான் வந்தால் ஹைட்ரோகார்டிசோன் போன்ற மென்மையான ஸ்டீராய்டு கிரீமை மருத்துவர் தருவார். பாலூட்டி முடித்தவுடன் மெல்லியதாகத் தடவி, அடுத்த முறைக்குமுன் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். வீரியமான ஸ்டீராய்டைத் தாய் காம்பில் தடவிவந்ததால் பச்சிளம் குழந்தைக்கு ரத்த அழுத்தம் கடுமையாக உயர்ந்த நிகழ்வு 1983ல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, நுண்ணுயிர்க்கொல்லி மூன்றும் கலந்த குழாய்க் களிம்புகள் மருந்துக்கடைகளில் கேட்டதும் கிடைக்கின்றன. 2018ல் இந்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது; பாலூட்டும் தாய் அந்தச் சட்டத்தைத் தனக்காகவே எழுதியதாகக் கொள்ளவேண்டும். அரிப்புக்கு மாத்திரை தேவைப்பட்டால் செட்ரிசின், லோராடடின் போன்றவை பாலூட்டும்போது ஏற்றவை. தூக்கம் வரவழைக்கும் பழைய மாத்திரைகள் குழந்தையையும் மயக்கத்தில் ஆழ்த்தலாம்.

கடைசியாக, அரிதானாலும் தவறவிடக்கூடாத ஒன்று. 1874ல் ஜேம்ஸ் பேஜெட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், கரப்பான்போலத் தோன்றிய காம்புப் புண்ணைத் தொடர்ந்து மார்பகப் புற்றுநோய் கண்ட 15 பெண்களைப் பற்றி எழுதினார். கரப்பான் பெரும்பாலும் கருவட்டத்தில் தொடங்கி இரு பக்கமும் வரும். பேஜெட் நோய் காம்பிலேயே தொடங்கி ஒரு பக்கத்தில்மட்டும் நிற்கும். பாலூட்டும் பெண் என்பதாலேயே எல்லாப் புண்ணையும் பால்புண் என்று ஒதுக்கிவிடும் வாய்ப்பு இங்கே அதிகம். ஒரு பக்கக் காம்பில் மட்டும் செதில்விட்டு, சில வாரச் சிகிச்சைக்கும் ஆறாத புண்ணிலிருந்து சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும். அந்தப் பரிசோதனைக்காகப் பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை.